பதிவேற்றிய படத்தை எங்கே, எப்போது சுருக்குவது: ஒரு படக் காப்பகத்துக்கான ஒப்பீடு

தைப்பூசம் முடிந்த மாலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் பலர் ஒரே நேரத்தில் காவடிப் படங்களைப் பதிவேற்றக்கூடிய இணையதளம் ஒன்றை வடிவமைக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய கைப்பேசி எடுக்கும் சாதாரணப் படம் 4000க்கு 3000 பிக்சல் அளவில், ஏறத்தாழ 4 மெகாபைட் எடையுடன் வந்து சேர்கிறது. ஒரு பக்கத்தில் 40 படங்களை அடுக்கிக் காட்டும் தளம் அவற்றைச் சுருக்காமல் அனுப்பினால், பார்ப்பவரின் கைப்பேசியில் 160 மெகாபைட் இறங்கும். அதே படங்களை 320 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, ஒவ்வொன்றையும் 25 கிலோபைட் அளவில் அனுப்பினால் மொத்தம் 1 மெகாபைட்டோடு வேலை முடிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் டேட்டா விலை அதிகம் என்பதையும், சிறு சிறு பொதிகளாக முன்பணம் கட்டி வாங்கும் எளியவர்களே ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் நாட்டின் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே சிறுபடம் வேண்டுமா வேண்டாமா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

தீர்மானிக்க வேண்டியது, அந்தச் சுருக்கும் வேலையை யார், எந்தக் கட்டத்தில் செய்வது என்பதே. பதிவேற்றுபவரின் உலாவியே அனுப்புவதற்கு முன் சுருக்கலாம். சர்வர் படத்தை வாங்கிக்கொள்ளும் அந்தக் கோரிக்கைக்குள்ளேயே, உலாவிக்குப் பதில் சொல்வதற்கு முன், சுருக்கலாம். வாங்கி வைத்துவிட்டுப் பின்னணியில் ஒவ்வொன்றாகச் சுருக்கலாம். யாராவது பார்க்கக் கேட்கும் நொடியில் சுருக்கலாம். அல்லது இந்தத் தலைவலியை முழுவதுமாகக் காசு கொடுத்து வேறொரு நிறுவனத்திடம் விட்டுவிடலாம். நிரலர்கள் கூடிப் பேசும்போது பெரும்பாலும் படத்தைச் சுருக்கும் நிரல் நூலகங்களைத்தான் ஒப்பிடுகிறார்கள்: இமேஜ்மேஜிக்கா, லிப்விப்ஸா, பில்லோவா என்று. நூலகத்தைப் பின்னால் அதிகச் சிரமமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். வேலை நடக்கும் இடத்தை மாற்றுவது அவ்வளவு எளிதில்லை. படங்களின் முகவரி, சேமிப்பு, நீக்கும் முறை எல்லாமே அதைச் சார்ந்து அமைந்துவிடுகின்றன.

ஒப்பீட்டுக்குள் போகுமுன், வரும் படங்களை வகை பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு வகை விழாப் படங்கள்: மவுண்ட் எட்ஜ்கோம்பில் காவடி, இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் ஈஸ்டர் நாட்களின் கூட்டம், பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் பெரிய வெள்ளியன்று தீமிதி, ஆடி மாதக் கூழ் பூசை. இவை ஆயிரக்கணக்கில் வரும். ஒரே காட்சியைப் பத்துப் பேர் எடுத்திருப்பார்கள். சில படங்களில் நுணுக்கம் குறைந்தாலும் யாருக்கும் இழப்பில்லை. மற்றொரு வகை, எண்ணிக்கையில் குறைந்த, ஆனால் போனால் திரும்பக் கிடைக்காத படங்கள்: ஸ்டூடியோவில் எடுத்த பழைய திருமணப் படம், தமிழில் அச்சடித்த அழைப்பிதழ், கோவில் கும்பாபிஷேக நோட்டீஸ், 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பலிலும் அதற்குப் பின் வந்த கப்பல்களிலும் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் காகிதங்கள். 2022 ஏப்ரலில் குவாசுலு-நட்டாலில் 400க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த வெள்ளம் வீடுகளையும் அடித்துக்கொண்டு போனது. அப்படியொரு வெள்ளத்துக்குப் பிறகு, ஒரு குடும்ப ஆல்பத்தில் மிஞ்சிய ஒரே பிரதி யாரோ ஸ்கேன் செய்து அனுப்பிவைத்த கோப்பாக இருக்கக்கூடும். முதல் வகைக்குப் பொருந்தும் வழி இரண்டாவது வகையைக் கெடுத்துவிடும். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எது சிறந்த வழி என்று கேட்பதில் பொருளில்லை.

உலாவியிலேயே சுருக்குவதன் நன்மை கண்கூடானது. 4 மெகாபைட் படம் நீளப்பக்கம் 2048 பிக்சலாகச் சுருங்கினால் பெரும்பாலும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பதிவேற்றுபவரின் டேட்டாவும் நேரமும் மிச்சமாகும். மின்வெட்டு நீளும்போது கைப்பேசிக் கோபுரம் பேட்டரியில் ஓடிக் கடைசியில் அணைந்துபோகும் அனுபவம் 2022, 2023 ஆண்டுகளில் இங்கே யாருக்கும் புதிதாக இருக்கவில்லை. சிறிய கோப்பாக இருந்தால் கோபுரம் அணைவதற்குள் அது போய்ச் சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம். அதோடு, உலாவியின் வரைபலகையான கேன்வாஸ் வழியாக மறுபடி எழுதப்படும் படத்தில், கைப்பேசி படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் எக்சிஃப் தகவல்கள் மிஞ்சுவதில்லை என்பதால், படம் எடுத்த வீட்டின் ஜிபிஎஸ் இடக்குறிப்பும் தானாகவே உதிர்ந்துவிடுகிறது. படம் எடுத்த நாளும் கூடவே போய்விடுகிறது. விழாப் படத்துக்கு நாள் முக்கியம் என்பதால், சுருக்குவதற்கு முன் அதைப் படித்துத் தனிப் புலமாக அனுப்பும் சில வரி நிரலை மறக்காமல் எழுத வேண்டும்.

குறைகளும் உண்டு. கேன்வாஸில் ஒரே படியில் பெரிய படத்தைச் சிறிதாக வரைந்தால் கோடுகள் ரம்பப் பல்லாக உடையும். பைக்கா போன்ற நூலகம் லாங்க்சோஸ் போன்ற நல்ல வடிகட்டியைக் கொண்டு இதைச் சரியாகச் செய்கிறது, ஆனால் பழைய கைப்பேசியில் அதற்கு நேரம் பிடிக்கும். 50 மெகாபிக்சல் படத்தைத் தனித்தனிப் பிக்சல்களாக விரித்தால் 200 மெகாபைட் நினைவகம் போகும். மலிவான கைப்பேசியில் அந்த உலாவித் தாவல் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும், பதிவேற்றுபவர் தளத்தைத்தான் குறை சொல்வார். ஃபயர்ஃபாக்ஸில் ‘கைரேகைத் தடுப்பு’ என்ற அமைப்பை, அதாவது கருவியின் தனித்தன்மைகளை வைத்துப் பயனரை அடையாளம் காண்பதைத் தடுப்பதை, முடுக்கி வைத்திருப்பவர்களுக்குக் கேன்வாஸ் திருப்பித் தருவது படமே அல்ல, அர்த்தமற்ற புள்ளிகள். ஆகவே உலாவியில் சுருக்க முடியாவிட்டால் மூலக்கோப்பையே அனுப்பும் மாற்றுவழி கட்டாயம் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உலாவியிலிருந்து வரும் எதையும் சர்வர் நம்பக்கூடாது. சுருக்கப்பட்ட படம் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். உலாவி செய்யும் வேலை டேட்டாவைக் குறைக்கும். சர்வரின் வேலையை ஒழிக்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், உலாவியில் சுருக்குவதை மற்ற நான்கு வழிகளுக்கும் போட்டியாக வைக்காமல், அவற்றின் முன்னால் வைக்கும் ஒரு விருப்பப் படியாகவே பார்க்கத் தோன்றும்.

பதிவேற்றும் கோரிக்கைக்குள்ளேயே சர்வர் சுருக்கிவிடுவதுதான் மிகப் பழைய வழி. கோவில் தளங்களில் பல, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் இயங்குவதால், பலர் தெரிந்தோ தெரியாமலோ இந்த வழியில்தான் இருக்கிறார்கள். வேர்ட்பிரஸ் ஒரு படத்தை வாங்கியதும் 150, 300, 768, 1024 பிக்சல் அளவுகளில் நகல்களை உருவாக்குகிறது. 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து 1536, 2048 அளவுகளும் சேர்ந்துகொண்டன. 2560 பிக்சலைத் தாண்டும் படம் அந்த அளவுக்குச் சுருக்கப்பட்டு, மூலம் தனியாக வைக்கப்படுகிறது. ஒருவர் ஒரு படம் போடும் இடத்தில் இது போதும். வரிசை, பின்னணி வேலையாள் என்று எதுவும் தேவையில்லை. பிழை வந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சிக்கல், முப்பது படங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒருவர் பொத்தானை அழுத்தும்போது தொடங்குகிறது. சர்வரில் முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸின் இயல்பு அமைப்பு 1 மெகாபைட்டுக்கு மேற்பட்ட எந்தக் கோரிக்கையையும் திருப்பி அனுப்பிவிடும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியின் இயல்பு வரம்பு ஒரு கோப்புக்கு 2 மெகாபைட். இவற்றை உயர்த்திய பிறகு, பின்னாலிருக்கும் செயலி 60 நொடி பதில் சொல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் இணைப்பைத் துண்டித்துவிடும். படங்கள் ஏறினவா இல்லையா என்று தெரியாத பயனர் மறுபடியும் முப்பதையும் போடுவார். இருமடங்கு வேலை சர்வரின் தலையில் விழும்.

இங்கே நினைவகக் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். ஜேபெக் கோப்பு வட்டில் 4 மெகாபைட்டாக இருந்தாலும், விரித்தபின் 4000க்கு 3000 பிக்சல்கள், பிக்சலுக்கு 4 பைட் வீதம், 48 மெகாபைட் ஆகிறது. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பதிவேற்றினால் 384 மெகாபைட். அவர்களில் நான்கு பேர் 50 மெகாபிக்சல் கைப்பேசிக்காரர்களாக இருந்துவிட்டால் அந்த நால்வருக்கு மட்டும் 800 மெகாபைட். 2 ஜிகாபைட் நினைவகம் உள்ள மலிவான வாடகை சர்வரில், தரவுத்தளமும் அதிலேயே ஓடும் நிலையில், இது விளிம்பு. இதைத் தவிர்க்கும் வழி ஜேபெக் வடிவத்திலேயே ஒளிந்திருக்கிறது. ஜேபெக் படம் 8க்கு 8 கட்டங்களாகச் சேமிக்கப்படுவதால், விரிக்கும்போதே பாதி, கால், எட்டில் ஒரு பங்கு அளவில் விரிக்க அந்த வடிவம் இடம் கொடுக்கிறது. லிப்விப்ஸ் 4000 பிக்சல் படத்திலிருந்து 320 பிக்சல் சிறுபடம் கேட்கப்பட்டால், படத்தைக் கால் பங்காக, அதாவது 1000க்கு 750 ஆகவே விரித்து, மீதியை நல்ல வடிகட்டியால் சுருக்குகிறது; பிக்சலுக்கு 3 பைட் வீதம் அது 2.25 மெகாபைட்தான். எட்டில் ஒரு பங்காக விரித்தால் இன்னும் மிச்சமாகுமே என்றால், கடைசிச் சுருக்கலுக்குக் குறைந்தது இருமடங்கு பிக்சல் கையில் இருந்தால்தான் படம் மென்மையாக வரும். பில்லோவின் சிறுபடச் செயற்கூறும் இதே உத்தியைக் கையாள்கிறது. இமேஜ்மேஜிக்கில் இதற்கென ஒரு குறிப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் அது மெதுவானது என்று குறை சொல்பவர்கள் ஏராளம். பிஎன்ஜி, டிஃப் கோப்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதால், ஸ்கேன் செய்து வரும் பெரிய டிஃப் கோப்புகளைக் கோரிக்கைக்குள் சுருக்குவதை நான் எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்னணி வரிசையில், சர்வர் மூலக்கோப்பை வாங்கி, வைத்து, ஒரு வரி குறித்துக்கொண்டு, உடனே பதில் சொல்லிவிடுகிறது. சுருக்கும் வேலையைத் தனிச் செயலி ஒன்று பின்னால் எடுத்துச் செய்கிறது. எத்தனை வேலைகள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்பது நம் கையில் இருப்பதால், நினைவகம் கூட்டத்தின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவதில்லை. தைப்பூச மாலையில் வரிசை நீளும், அவ்வளவுதான். பத்து மணிக்குள் அது கரைந்துவிடும். வரிசைக்கென்று ரெடிஸ் என்ற, தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் செயலியை நிறுவுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ரெடிஸின் இயல்பு அமைப்பில் தரவு அவ்வப்போதுதான் வட்டில் எழுதப்படுகிறது, மின்சாரம் சட்டென்று போனால் கடைசியாகச் சேர்ந்த வேலைகள் காணாமல் போகக்கூடும். கோவில் அலுவலகத்து அறையில் ஒரு கணினியை சர்வராக வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். சிறிய காப்பகத்துக்குத் தரவுத்தளத்தில் ஒரு அட்டவணையே போதுமான வரிசை; போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2016 முதல், பிறர் பூட்டிவைத்திருக்கும் வரிகளைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் வசதியைத் தருகிறது. படத்தின் பதிவும் அதற்கான வேலையும் ஒரே பரிவர்த்தனையில், அதாவது இரண்டும் சேர்ந்தோ இரண்டுமே இல்லாமலோ, எழுதப்படுவதால், படம் இருந்து வேலை இல்லாமல் போகும் நிலையும் வராது. ஒரே வேலை இருமுறை ஓடினாலும் அதே கோப்பு அதே பெயரில் மறுபடி எழுதப்படுமாறு அமைத்துவிட்டால், பாதியில் நின்ற வேலையைக் கவலையில்லாமல் மீண்டும் தொடங்கலாம்.

இந்த வழியின் உண்மையான விலை, பதிவேற்றியவர் உடனே தன் படத்தைப் பார்க்க முடியாது என்பது. வயதான ஒருவர் படத்தைப் போட்டுவிட்டுச் சாம்பல் கட்டத்தைப் பார்த்தால் ஏறவில்லை என்றே நினைப்பார். அவர் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் கோப்பையே உலாவி உள்ளூரில் காட்டலாம். சிறுபடம் தயாரானதும் அதை மாற்றிக்கொள்ளலாம். படத்தின் அகல உயரத்தைப் பதிவேற்றும்போதே குறித்துக்கொண்டால், மற்றவர்கள் பார்க்கும் பக்கத்தில் படம் வந்து சேரும்போது அடுக்கு குலுங்காது.

கேட்கும்போது சுருக்கும் வழியில், தம்போர், இம்ஜிபிராக்ஸி போன்ற செயலி ஒன்று நடுவில் நின்று, முகவரியில் சொல்லப்பட்ட அகலத்துக்கு மூலப்படத்தை அந்த நொடியிலேயே சுருக்கித் தருகிறது. முன்னால் ஒரு சிடிஎன், அதாவது பார்ப்பவர்களுக்கு அருகிலிருந்து நகல்களை வழங்கும் சர்வர் வலையமைப்பு, அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. தளத்தின் தோற்றம் மாறி 320க்குப் பதில் 400 தேவைப்பட்டால், பழைய படங்கள் எதையும் மறுபடி ஓட்ட வேண்டியதில்லை. உலாவி எந்த வடிவத்தை ஏற்கும் என்று பார்த்து ஏவிஃப், வெப்பி, ஜேபெக் என்று மாற்றியும் தரலாம். செய்தித்தளங்களுக்கு இது அருமையான வழி. தம்போர் பிறந்ததே பிரேசிலின் குளோபோ ஊடக நிறுவனத்தில்தான். செய்தித்தளத்தில் இன்றைய பத்துப் படங்களை இலட்சம் பேர் பார்ப்பார்கள். ஒரு முறை சுருக்கினால் மற்ற எல்லோருக்கும் நினைவிலிருந்தே போய்விடும்.

காப்பகத்தின் போக்கு அதற்கு நேர்மாறானது. இலட்சம் படங்கள் இருக்கும். பெரும்பாலானவற்றை ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் பார்ப்பார்கள். சிடிஎன் என்பது கிடங்கு அல்ல, யாரும் கேட்காத படத்தை அது தூக்கி எறிந்துவிடும். ஆகவே பெரியப்பாவின் திருமணப் படத்தைத் தேடி ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒருவர் பழைய ஆல்பத்தைத் திறக்கும்போது, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் நாற்பது படங்களும் நாற்பது மூலக்கோப்புகளிலிருந்து அப்போதுதான் சுருக்கப்படும். மூலக்கோப்புகள் டிஃப்பாக இருந்தால் அவர் காத்திருந்து சலித்துப் பக்கத்தை மூடிவிடுவார். சுருக்கிய நகலை வட்டிலும் எழுதிவைக்கலாமே என்றால், அப்போது அது பின்னணி வரிசையின் வேலையைத் தாமதமாகச் செய்யும் ஒன்றாகிவிடுகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு: முகவரியில் அகலத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விட்டால், 1 முதல் 4000 வரை ஒவ்வொரு அகலமாகக் கேட்டே ஒருவர் சர்வரை மண்டியிட வைத்துவிடலாம். முகவரிக்கு மறைச்சாவியால் கையொப்பமிடும் வசதி இந்தச் செயலிகளில் இருக்கிறது. அதை முடுக்காமல் இணையத்தில் திறந்துவைப்பது கவனக்குறைவு.

இந்த வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வட்டு மிச்சம் என்ற வாதமும் கணக்குப் போட்டால் நிற்பதில்லை. இலட்சம் மூலப்படங்கள், 4 மெகாபைட் வீதம், 400 ஜிகாபைட். 320 பிக்சல் சிறுபடங்கள் இலட்சம், 25 கிலோபைட் வீதம், 2.5 ஜிகாபைட். பார்ப்பதற்கான 1280 பிக்சல் நகல்கள், 250 கிலோபைட் வீதம், 25 ஜிகாபைட். இரண்டையும் சேர்த்தாலும் மூலத்தில் ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு; மூலத்தை எப்படியும் வைத்திருக்கத்தான் போகிறோம்.

கிளவுடினரி, இம்ஜிக்ஸ், கிளவுட்ஃபிளேர் இமேஜஸ் போன்ற கட்டணச் சேவைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அவை வேலையை நன்றாகவே செய்கின்றன. எச்இஐசி, ஏவிஃப் போன்ற வடிவங்களின் தொல்லையும் பாதுகாப்புத் திருத்தங்களும் அவர்கள் பொறுப்பு. துணிக்கடையோ நகைக்கடையோ நடத்தும் ஒருவர் கேட்டால், தயங்காமல் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நன்கொடையில் நடக்கும் காப்பகத்துக்குத் தயக்கம் மூன்று காரணங்களால் வருகிறது. கட்டணம் டாலரில், வரவு ராண்டில். மத நம்பிக்கை பற்றிய தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக வைக்கும் போப்பியா, அதாவது தென்னாப்பிரிக்காவின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு 72ஆம் பிரிவில் நிபந்தனைகள் விதிக்கிறது. 2021 ஜூலை முதல் அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது, காவடி எடுக்கும் குழந்தைகளின் படங்கள் எங்கே போய் உட்காருகின்றன என்று பெற்றோர் கேட்டால் பதில் வேண்டும். மூன்றாவதாக, படத்தின் முகவரி அந்த நிறுவனத்தின் பெயரில் தொடங்குமானால், பின்னால் வெளியேறுவது பெரும்பாடு. எந்தச் சேவையை எடுத்தாலும் முகவரி நம் சொந்தக் களத்தின் கீழ் இருக்க வேண்டும்.

சொந்த சர்வருக்கும் கட்டணச் சேவைக்கும் நடுவில், அமேசானின் லாம்டா போன்ற சர்வரில்லாச் செயற்கூறு இருக்கிறது: நிரல் நம்முடையது, படம் வரும்போது மட்டும் அதை ஓட்டும் கணினி அவர்களுடையது. கேப் டவுனில் அமேசான் 2020இல் தன் மண்டலத்தைத் திறந்துவிட்டதால் தரவு நாட்டுக்குள்ளேயே இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் பொங்கி மற்ற நாட்களில் வற்றிக்கிடக்கும் வேலைக்கு இது பொருத்தமானதுதான். ஆயிரம் படம் வந்தால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் ஓடி முடித்துவிடும். சிறுபடத்தை மூலம் இருக்கும் அதே தொட்டியில், அதாவது அமேசானின் அதே சேமிப்பிடத்தில், எழுதினால், அந்தச் சிறுபடமே புதிய பதிவேற்றமாகக் கருதப்பட்டு, செயற்கூறு தன்னைத் தானே மீண்டும் மீண்டும் அழைத்துக்கொள்ளக்கூடும். தொட்டிகளைத் தனித்தனியாக வைக்காதவர்களுக்கு இதை மாதக் கடைசியில் கட்டணச் சீட்டுதான் தெரிவிக்கக்கூடும். ஆனால் என் முதன்மையான தயக்கம் வேறு. அந்தச் செயற்கூறு சார்ந்திருக்கும் நோட், பைத்தான் பதிப்புகளை அமேசான் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஓய்வுபெறச் செய்கிறது. தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு குழுவில், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்?

எந்த வழியை எடுத்தாலும் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் சில விஷயங்கள் பொதுவானவை. கைப்பேசி, படத்தைத் திருப்பி வைக்காமல், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற எண்ணை எக்சிஃபில் 1 முதல் 8 வரை எழுதிவைக்கிறது. அந்த எண்ணின்படி திருப்பிவிட்டுத்தான் எக்சிஃபை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் காவடி எடுப்பவர் படுத்துக்கிடப்பார். ஐபோன் படங்கள் விரிந்த வண்ண எல்லையில் வருவதால், வண்ணங்களை இணையத்தின் வழக்கமான வண்ண எல்லையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல் வண்ணக் குறிப்பை வெறுமனே நீக்கினால் மஞ்சள் வேட்டியும் செவ்வந்தி மாலையும் வெளிறிப்போகும். சதுரச் சிறுபடத்துக்காக நடுவிலிருந்து வெட்டினால் காவடியின் மேல்வளைவும் மயில்பீலியும் போய், வெறும் நெஞ்சும் தோளும் மிஞ்சும். பழைய குழுப்படத்தில் ஓரத்தில் நிற்பவர்களின் முகமே போய்விடும். விகிதம் மாறாமல் சுருக்கிச் சேமித்துவிட்டு, சதுரமாகக் காட்ட வேண்டுமென்றால் அதைப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் நடைதாளிடம் (சிஎஸ்எஸ்) விட்டுவிடுவதே முறை.

அழைப்பிதழ்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தாக அச்சடித்த திருமணப் பத்திரிகை ஒன்றைப் பெரும்பாலான நூலகங்களின் இயல்பு அமைப்பில் ஜேபெக்காகச் சுருக்கிப் பாருங்கள். ஒளியின் விவரம் முழுமையாகவும், நிறத்தின் விவரம் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற வீதத்திலும் சேமிக்கப்படுவதால், சிவப்பு எழுத்தின் ஓரம் மஞ்சளோடு குழைந்து, மெய்யெழுத்துகளின் புள்ளிகள் முதலில் மறைகின்றன. அதன்பின் பெயர்களைச் சரியாகப் படிக்க முடிவதில்லை. இழப்புள்ள வெப்பி எப்போதுமே இந்த நிறக் குறைப்பு முறையில்தான் இயங்குகிறது. ஆகவே எழுத்துள்ள ஸ்கேன்களுக்கு, 1280 பிக்சலுக்குப் பதில் 2000 பிக்சலில், நிறத்தைக் குறைக்காத 4:4:4 ஜேபெக்காக நகல் எடுக்க வேண்டும். விழாப் படங்களின் சிறுபடங்களுக்கு வெப்பி போதும். 2020இல் வந்த சஃபாரி 14 முதல் எல்லாப் பெரிய உலாவிகளும் அதைக் காட்டுகின்றன. ஏவிஃப் இன்னும் சிறிதாகும், ஆனால் எழுத அதிக நேரம் எடுக்கும். 25 கிலோபைட் சிறுபடத்தில் மிச்சமாகும் சில கிலோபைட்டுக்காகச் சின்ன சர்வரை வாட்டுவது எனக்கு உவப்பாக இல்லை.

பாதுகாப்பிலும் இரண்டு வார்த்தை. இமேஜ்மேஜிக்கில் 2016இல் வெளிப்பட்ட ஓட்டை, படம் என்ற பெயரில் வந்த கோப்பு சர்வரில் கட்டளைகளை ஓட்ட வழிசெய்தது; 2023 செப்டம்பரில், வெப்பி படங்களைக் கையாளும் லிப்வெப்பி நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை உலாவிகளையும் சர்வர்களையும் ஒருசேரப் பாதித்தது. சுருக்கும் செயலியைத் தனிப் பயனர் கணக்கில், இணைய அனுமதியின்றி, நினைவக வரம்புடன் ஓட்டுவது பின்னணி வரிசையில் எளிது, கோரிக்கைக்குள் சுருக்கும்போது கடினம். சிறியதொரு பிஎன்ஜி கோப்பு விரிந்தால் பல ஜிகாபைட் ஆகும்படி செய்ய முடியும் என்பதால், விரிப்பதற்கு முன் தலைப்பைப் படித்து அகல உயரத்தைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். பில்லோ சுமார் 9 கோடி பிக்சலில் எச்சரித்து, அதன் இருமடங்கில் மறுக்கிறது. லிப்விப்ஸின் மேல் எழுதப்பட்ட ஷார்ப் நூலகத்தின் இயல்பு வரம்பு சுமார் 27 கோடி பிக்சல், இது நம் சர்வருக்கு மிக அதிகம். ஸ்கேன்களுக்கு 15 கோடி, கைப்பேசிப் படங்களுக்கு 6 கோடி என்று நாமே வரம்பு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வரும் உயர்ரகக் கைப்பேசிப் படங்களைப் பெரும்பாலும் உலாவியே முன்னதாகச் சுருக்கியிருக்கும்.

இவற்றை எல்லாம் தட்டில் வைத்துப் பார்த்தால், இப்படிப்பட்ட காப்பகத்துக்கு என் தேர்வு பின்னணி வரிசைதான்: தரவுத்தள அட்டவணையே வரிசை, லிப்விப்ஸ் நூலகம், ஒரு படத்துக்கு 320, 1280 (எழுத்துள்ள ஸ்கேனுக்கு 320, 2000) என்று இரண்டே நிலையான அளவுகள், மூலக்கோப்பு தொடாமல் தனி இடத்தில். விழாப் படங்களுக்கான படிவத்தில் உலாவி முன்னதாக 2560 பிக்சலுக்குச் சுருக்கும். குடும்பப் படங்களுக்கான படிவத்தில் சுருக்காது, அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் பதிவேற்றம் இருக்கும், முடிந்தால் வைஃபையில் அனுப்பச் சொல்லும் ஒரு வரியும் இருக்கும். மூலம் கையில் இருக்கும்வரை, தளத்தின் தோற்றம் மாறிப் புதிய அளவு தேவைப்பட்டாலும் அதே வரிசையில் எல்லாப் படங்களையும் ஓரிரு இரவுகளில் மறுபடி ஓட்டிவிடலாம். தளம் வளர்ந்து, தினமும் புதுப் படங்களை ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் செய்திப்பக்கம் ஒன்று சேர்ந்தால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் இம்ஜிபிராக்ஸியைக் கொண்டுவரலாம். அதற்கும் மூலம் அதே இடத்தில்தான் இருக்கும்.

ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபடுவது நீக்கம். ஒரு குடும்பம் தன் வீட்டுப் பெண்ணின் படத்தை எடுத்துவிடச் சொன்னால், மூலம், இரண்டு நகல்கள், சிடிஎன்னின் நினைவு, காப்பு நகல் எல்லாவற்றிலிருந்தும் அது போக வேண்டும். நிலையான அளவுகளில் இது எளிது: ஒரு படத்துக்கு ஓர் எண், அந்த எண்ணின் பெயரில் ஓர் அடைவு, அடைவை அழித்தால் நகல்கள் போயின, மூலக் கிடங்கிலும் அதே எண்ணைக் கொண்டு அழிக்கலாம், சிடிஎன்னில் துடைக்க வேண்டிய முகவரிகளும் இரண்டே. கேட்கும்போது சுருக்கும் வழியில் எந்தெந்த அகலத்தில் எத்தனை நகல்கள் எங்கே உறங்குகின்றன என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். காப்பு நகலில் இருப்பதை உடனே அழிக்க முடியாது என்பதால், நீக்கிய எண்களின் பட்டியலைத் தனியாக வைத்துக்கொண்டு, காப்பிலிருந்து எதையாவது மீட்டெடுத்தால் தளத்தைத் திறப்பதற்கு முன் அந்தப் பட்டியலை மறுபடி ஓட்ட வேண்டும்.